ஒளிமானித் தேர்வு: கிள்ளான் பள்ளத்தாக்கு

நிழற்படத்துக்கோ சலனப்படத்துக்கோ பிலிமின் மீது எவ்வளவு வெளிச்சம் விழவேண்டும் என்பதை முன்கூட்டியே அளந்து சொல்லும் சாதனம் ஒளிமானி. தொழிலில் உள்ளவர்கள் லைட் மீட்டர் என்றோ, வெறுமனே மீட்டர் என்றோ சொல்வர். அமெரிக்காவின் வெஸ்டன் கம்பெனி 1932இல் ஒளிமின் கலம் பொருத்திய மானியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு அதன் உருவம் பலவாறு மாறியிருப்பினும், அளக்கும் முறை இரண்டே: பொருளின் மேல் விழும் ஒளியை அளப்பது ஒன்று, பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளப்பது மற்றொன்று. தமக்கு முதன்மையாக வேண்டுவது எது என்று தீர்மானிக்காமல் கடைக்குப் போகிறவர், விலையை மட்டும் பார்த்து வாங்கி வருவார்.

திரும்பும் ஒளியை அளக்கும் மானி, தான் காணும் யாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே பாவித்துக் கணக்கிடுவது. பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் தாலி கட்டப்போகும் மணமகனை நோக்கி அதைத் திருப்பினால், பட்டு வேட்டியின் வெண்மையைக் கண்டு வெளிச்சம் மிகுதி என்று முடிவு கட்டிவிடும். அதன் சொற்படி எடுத்த படத்தில் வேட்டி சாம்பலாகும், நம்மவரின் கறுத்த முகமோ இருளில் அமிழ்ந்துபோகும். முகத்தை மட்டும் அளந்தாலோ, முகம் வெளிறி, வேட்டியின் சரிகைக் கரை இருந்த இடம் தெரியாமல் மறையும். டான் நார்வுட் என்னும் அமெரிக்கர் 1940இல் காப்புரிமை பெற்ற அரைக்கோளக் குமிழ் இந்தச் சங்கடத்தைப் போக்கிற்று. வெண்ணிறமான அக்குமிழை மணமகனின் முகத்தருகே வைத்து, கேமராவை நோக்கித் திருப்பி அளந்தால், அவர் கறுப்பா சிவப்பா, உடுத்தியிருப்பது வெள்ளையா மஞ்சளா என்ற கேள்வியே எழுவதில்லை. நம் திருமணங்களையும் காவடிகளையும் எடுக்க விரும்புவோருக்குக் குமிழ் இல்லாத மானி அரைக் கருவியே என்பது என் அபிப்பிராயம்.

இங்குள்ள வெயிலையும் கணக்கில் எடுக்கவேண்டும். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் உள்ளது. 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டபின், சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஏறக்குறைய 1.15 மணிக்கு. அந்நேரத்தில் கண்குழிகள் இருண்டு, நெற்றியும் மூக்கும் மின்னும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடைப் பந்தலின் நிழலுக்கும் வெளியே காயும் தாருக்கும் இடையே பல ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். நெகடிவ் பிலிம் இதைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு பிலிமுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சலனப்படத் தொழிலுக்கு நெடிய வரலாறு உண்டு: 1946இல் மலாயன் பிலிம் யூனிட் தோன்றியது, உலு கிள்ளானின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு 1964இல் நடிகரும் இயக்குநருமான பி. ராம்லி வந்து சேர்ந்தார். சலனப்படக்காரருக்கு ஷட்டர் வேகம் ஏறத்தாழ நிலையானது. வினாடிக்கு 24 பிரேம் ஓடும் கேமராவில் அது பெரும்பாலும் 48இல் ஒரு பங்கு. ஆகவே 50 வேகமுள்ள பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16 போதும். 200 வேகத்துக்கோ எஃப் 32 தேவைப்படும், அது பல லென்ஸ்களில் இல்லாமையால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. பில்டர் போட்டே ஆகவேண்டும். அவர் வாங்கும் மானியில் பிரேம் கணக்கு குறித்திருக்க வேண்டும். குமிழைக் கழற்றித் தட்டையான வில்லையை மாட்டும் வசதியும் இருந்தால், முகத்தின் இருபுறத்து வெளிச்சத்தையும் தனித்தனியே ஒப்பிடலாம்.

அருகே போய் அளக்க முடியாத இடங்களும் உண்டு. பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே நிற்பவர், உச்சியில் இருண்டு தெரியும் குகை வாயிலுக்குக் குமிழை எடுத்துச் செல்ல இயலாது; தைப்பூசத்தன்று கூட்டம் வழியும் விடாது. உள்ளேயோ கூரை திறந்த பகுதியிலிருந்து பகல் வெளிச்சம் கொட்டும், சுற்றிலும் இருட்டு. ஒரு பாகை அளவே பார்க்கும் ஸ்பாட் மீட்டர் இங்குதான் பிரயோஜனப்படும். ஆனால் அதைக் கையாள அநுபவம் வேண்டும்.

மானி எதனால் இயங்குகிறது என்பதும் யோசிக்கத்தக்கது. பழைய மானிகளின் செலீனிய ஒளிமின் கலத்துக்குப் பேட்டரி வேண்டாம்; எனினும் வயதாக ஆகச் சோர்ந்துவிடும், இவ்வூரின் ஈரக்காற்றும் அதற்கு ஆகாது. ஆகவே பழைய மானியை வாங்குவோர் வெயிலில் நம்பகமான மற்றொரு மீட்டருடன் ஒப்பிட்டுப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். வாங்கியபின் டிரை பாக்ஸில் வைக்கவேண்டும். காட்மியம் சல்பைடு கலம் கொண்ட லூனாசிக்ஸ் போன்ற மானிகள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது கடைகளில் இல்லை, 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் கணக்குப் பிசகும். பேட்டரியே வேண்டாத ஸெகோனிக் எல்-398ஏ பகலில் அருமையானது; உச்சிவெயிலில் முள் எல்லை தாண்டினால் துளைத்தகட்டைச் செருகி வேறு குறியில் படிக்கவேண்டும். ஆனால் தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் இரவின் மங்கலுக்கு அது போதாது, பிளாஷையும் அது அளக்காது.

திருமணப் படக்காரருக்கு, ஒற்றை ஏஏ பேட்டரியில் இயங்கி, பிளாஷையும் அளக்கும் ஸெகோனிக் எல்-308 வகையே தக்கது. சலனப்படக்காரர் பிரேம் கணக்குள்ள குமிழ் மானியோடு தொடங்கி, ஸ்பாட் மீட்டரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.