ஏலமலைக் காடு: ஒரு சொல்லும் அதன் எல்லையும்

கம்பம்மெட்டு, இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டத்தில், தேனி மாவட்டத்துக் கம்பத்திற்கு மேலாக அமைந்த எல்லையூர். போடிமெட்டு என்பதைப் போலவே, இப்பெயரிலும் சமவெளி ஊரின் பெயரோடு, 'மேடு' என்பதற்கு உறவான 'மெட்டு' சேர்ந்துள்ளது. கீழிருந்து ஏறிச் சென்றோர் இட்ட பெயர் இது என்பது தெளிவு. அவர்களை ஈர்த்தது ஏலம். அது விளையும் மலையே ஏலமலை எனப்பட்டது.

ஏலம் நிழலில் வளரும் பயிர். பெருமரங்களை நிறுத்திவிட்டு, கீழே உள்ள செடிகொடிகளை மட்டும் நீக்கி அதனைப் பயிரிடுவது மரபு. இதனை மலையேறும் தமிழ்த் தொழிலாளர் 'ஏலக்காடு' என்பர். தமிழில் 'காடு' வனத்தை மட்டும் குறிப்பதன்று; புன்செய் நிலத்தையும் குறிக்கும். உழவர் 'காட்டுக்குப் போகிறேன்' என்றால் வயலுக்குச் செல்வதாகவே பொருள். ஆகவே ஏலக்காடு என்னும் தொடரில் வனம், விளைநிலம் ஆகிய இரு பொருளும் முரணின்றி நிற்கின்றன.

ஆட்சிமொழியில் இவ்விணக்கம் இல்லை. 1897இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிக்கை ஏலமலையில் காப்புக்காட்டை வரையறுத்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்றைய வழக்கின் மையம். முன்னதைக் கேரள அரசும், பின்னதைச் சூழலியல் அமைப்பும் வலியுறுத்துகின்றன. நிலம் வருவாய்த் துறைக்கும் மரம் வனத்துறைக்கும் உரியதென நிலவிய இரட்டை ஆட்சி சிக்கலை வளர்த்தது.

இதற்கிடையே மக்கள் நெருக்கம் பெருகியது. 1940களின் உணவுப் பஞ்சத்தில் வனநிலம் உணவுப் பயிருக்காகக் குத்தகைக்கு விடப்பட்டது. 1950களில் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1977 சனவரி 1க்கு முற்பட்ட குடியிருப்புகளை முறைப்படுத்தும் விதிகள் 1993இல் வகுக்கப்பட்டன. பின்னர்ப் பரவிய ஞள்ளானி போன்ற உயர்விளைச்சல் வகைகளுக்கு மிகுதியான ஒளி தேவைப்பட்டதால் நிழல்மரங்களின் கவாத்து கடுமையாயிற்று. காயை உலர்த்தும் கூடங்களுக்கு விறகும் வெட்டப்பட்டது. எஞ்சிய சோலைகளுள் மதிகெட்டான் சோலை 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏலமலை நிலத்தில் புதிய பட்டா வழங்கத் தடை விதித்தது.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்கே எழுகிறது. ஆவணங்களில் வரும் 'ரிசர்வ்' என்பதை 'காப்புக்காடு' என்று பெயர்த்தால், நிலம் வனமென்னும் தரப்புக்கு முன்கூட்டியே தீர்ப்பளித்ததாகும். 'ஒதுக்குநிலம்' என்றால், ஏலச் சாகுபடிக்கென ஒதுக்கப்பட்டது என்னும் எதிர்த்தரப்புக்குச் சார்பாகும். வழக்கில் முடிவு வரும்வரை 'ஏலமலை ரிசர்வ்' என ஒலிபெயர்ப்பதே தகும். மக்கள் வழக்காகிய 'ஏலக்காடு' என்பதோ, மரம் நிற்கும்வரைதான் தன் இரு பொருளையும் தாங்கி நிற்கும். மரம் குறையக் குறைய, அச்சொல்லில் விளைநிலம் என்ற ஒரு பொருளே எஞ்சும்.