ரங்கூனில் விழுந்த குண்டுகள்



நகரி வழியாகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் ரயில்கள் செல்வதை நீங்கள் அறிவீர்கள். 1942ஆம் ஆண்டில் நகரியும் சென்னையும் ஒரே மாகாணத்தைச் சேர்ந்தவை. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னையில் இருக்க அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என அரசாங்கம் அறிவித்தது. உறவினர் ஊர்களை நாடி, ரயிலிலும் மாட்டுவண்டியிலும் லட்சக்கணக்கானோர் புறப்பட்டனர். மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஆனால் அம்மாதம் சென்னைமீது ஒரு குண்டும் விழவில்லை.

விழாத குண்டுக்கு ஏன் இத்தனை அச்சம்? பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் சொன்ன செய்தி அதற்கு ஒரு காரணம்.

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். செட்டிநாட்டு வணிகர்கள் ஒருபுறமிருக்க, கப்பலில் மூட்டை தூக்கியவர்களும், அரிசி ஆலைகளில் உழைத்தவர்களும், தெருக்களைத் துப்புரவு செய்தவர்களும் பெரும்பாலும் நம்மவரே. தமிழரும் ஆந்திரக் கடற்கரைத் தெலுங்கரும் அங்கே அருகருகே வாழ்ந்தனர்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் வானில் தோன்றின. பதுங்குவதற்கு மாறாக, மக்கள் தெருக்களில் கூடி நின்று வேடிக்கை பார்த்தனர். குண்டுகள் அக்கூட்டத்தின் நடுவே விழுந்தன. அன்று இறந்தோர் சுமார் 2,000 பேர் என்று மதிப்பிடுவர். கிறிஸ்துமஸ் தினத்தன்று விமானங்கள் மீண்டும் வந்தன.

தொழிலாளர்கள் நகரை விட்டு ஓடினர். கப்பல்களில் சரக்கு இறக்க ஆளில்லை. குப்பை அள்ள ஆளில்லை. அந்நகரை நடத்தி வந்தவர்கள் யார் என்பது, அவர்கள் இல்லாதபோதுதான் ஆட்சியாளருக்குப் புலப்பட்டது. ஆகவே முதலில் புறப்பட்டவர்களில் பலர், புரோம் நகரில் ஐராவதி ஆற்றைக் கடக்கவிடாமல் தடுக்கப்பட்டு, ரங்கூனுக்கே திரும்ப நேர்ந்தது. உயிரைக் காக்க ஓடியவனுக்கு, அவன் உடலுழைப்பு தேவை என்ற காரணத்தால் வழி அடைக்கப்பட்டது!

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. செல்வர்களுக்கும் ஐரோப்பியருக்கும் கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தது. ஏழைகள் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகக் கடந்தனர். சுமார் நான்கு லட்சம் பேரோ அதற்கு மேலோ இந்தியா வந்து சேர்ந்தனர். காலராவும் மலேரியாவும் பசியும் வழியிலேயே கொன்றவர்கள் பத்தாயிரம் என்பர் சிலர். ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பர் வேறு சிலர். கணக்கில் இத்தனை வேறுபாடு ஏன்? அவர்களைப் பெயர் சொல்லி எண்ணியவர் எவருமில்லை. விமானத் தாக்குதலில் இறந்தவர் தொகையோடு இவர்களையும் சேர்த்தால்தான் அக்குண்டுகளின் உண்மையான விலை விளங்கும்.

குடிமக்கள்மீது வேண்டுமென்றே குண்டு வீசுவது சட்டவிரோதம் என்று சர்வதேச சங்கம் 1938 செப்டம்பர் 30இல் தீர்மானித்திருந்தது. போரில் எத்தரப்பும் அதை மதிக்கவில்லை. 1945 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் தீக்குண்டுகளைப் பொழிந்தன. ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன.

இவை போரை விரைவில் முடித்துப் பல உயிர்களைக் காத்தன என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் காக்கப்படும் உயிர் எது, செலவிடப்படும் உயிர் எது என்று தீர்மானிப்பவர் யார்? ரங்கூன் கூலியின் சாவுக்கு டோக்கியோக் குழந்தையின் சாவு ஈடாகுமா? இருவருமே அப்போரைத் தொடங்கியவர்கள் அல்லர். நிறுத்தும் வல்லமை பெற்றவர்களும் அல்லர்.

1977இல் உருவான ஜெனீவா உடன்படிக்கையின் கூடுதல் நெறிமுறை, போர்வீரர் குடிமக்கள் என்ற வேறுபாடு பாராத தாக்குதல்களைத் தடை செய்கிறது. ஏட்டில் உள்ள அவ்விதிக்கு உயிர் தருவது மக்களின் நினைவே. பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நாம், நம்மைப்போலவே பிழைப்பு நாடிக் கடல் கடந்து சென்று, ஊர் திரும்பாமற்போன அத்தமிழரையும் தெலுங்கரையும் மறத்தல் தகாது.