மண்ணுக்குள் உறங்கும் போர்



"போர்தான் 1945-லேயே முடிந்துவிட்டதே, பிறகு ஏன் ஐயா 2023-இல் குண்டுக்காக வீட்டைவிட்டு வெளியேறினார்கள்?" என்று மாணவன் ஒருவன் வகுப்பில் வினவினான். நல்ல வினா. விடையைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கு எழுதுகிறேன்.

ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகச் சிங்கப்பூர்மீது குண்டு வீசியது 1941 டிசம்பர் 8 அதிகாலையில். 61 பேர் மாண்டனர். அவ்வேளையிலும் தெருவிளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தன என்பது இன்று படித்தாலும் வியப்பளிக்கிறது! தாக்குதல் வலுத்தபோது நம் மக்கள் பலர் சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் தஞ்சம் புகுந்தனர். கோயில் சேதமின்றித் தப்பியது. 1942 பிப்ரவரி 15 அன்று அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தனர். 1944-45இல் நேச நாட்டு விமானங்களும் இத்தீவின்மீது குண்டு பொழிந்தன.

வீசப்பட்டவை யாவும் வெடிப்பதில்லை. தூண்டி இயங்காமையால் சில அப்படியே மண்ணுள் புதைந்துவிடுகின்றன. காலப்போக்கில் அவை வலுவிழந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உள்ளிருக்கும் வெடிமருந்து எளிதில் சாவதில்லை. தூண்டியோ துருவேறி, சிறு அதிர்வையும் தாங்காத நிலையை அடையக்கூடும்.

இவற்றைக் கையாள்வோர் சிங்கப்பூர் ஆயுதப் படையின் 36ஆம் போர்ப் பொறியாளர் பட்டாளத்தினர். 2019 நவம்பரில் ஜியாக் கிம் தெருவில் 50 கிலோ குண்டொன்றை அழித்தவர்கள் ஆயுதப் படையினரே. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில், கூட்டுரிமைக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்த கட்டுமானத் தளத்தில் 100 கிலோ குண்டு அகப்பட்டது. சரணடைவு நிகழ்ந்த அதே சாலையை ஒட்டிய பகுதி என்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம்.

செய்திகளில் இப்பணியைக் 'குண்டு அகற்றுதல்' என்று எழுதிவிடுகிறோம். தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு அச்சொல்லில் சிறு மனக்குறை உண்டு. அக்குண்டை அகற்றவே இயலவில்லை! இடம்பெயர்த்தல் ஆபத்து என முடிவானதால், செப்டம்பர் 26 அன்று கிடந்த இடத்திலேயே வெடிக்கச் செய்தனர். 200 மீட்டர் சுற்றளவிலிருந்து 4,000-க்கும் மேற்பட்டோர் முன்னதாக வெளியேற்றப்பட்டனர்; சாலைகள் மூடப்பட்டன. நண்பகலுக்குப் பின் ஒரு முறை, சற்று இடைவெளிவிட்டு மறுமுறை என இரண்டு வெடிப்புகள். சுற்றியுள்ள கட்டடங்களைச் சோதித்த பிறகே மக்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டனர்.

பிள்ளைகளிடம் ஒன்று கூறி வையுங்கள்: மண்ணில் துருப்பிடித்த குண்டு போன்ற எதையேனும் கண்டால் தொடாமல், தட்டிப் பார்க்காமல், விலகி வந்து 999-க்கு அழைக்க வேண்டும்.