எல்லா வழிகளையும் திரட்டுதல்: மருத்துவச் சான்றின் வரலாறு

ஹதீஸ் கலை பயிலும் மாணவர்க்கு நாம் கற்பிக்கும் அடிப்படை நெறிகளுள் ஒன்று, ஒரு செய்தியின் அறிவிப்பு வழிகள் அனைத்தையும் ஒன்றுதிரட்டுவதாகும். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 234), வழிகளெல்லாம் திரட்டப்படாதவரை ஒரு செய்தியிலுள்ள பிழை புலப்படாது எனக் கருதினார்கள். மருத்துவ உலகமும் இத்தகையதொரு நெறியை வந்தடைந்துள்ளது. ஆனால் அது தாமதமாக வந்தடைந்தது. அத்தாமதத்திற்குப் பலியானவை பச்சிளம் உயிர்கள்.

சான்றுகளைத் திரட்டுவதும் ஒப்பிடுவதும் மருத்துவத்தில் முற்றிலும் புதியவையல்ல. ரய் நகரத்து அபூபக்ர் அர்-ராஸியின் (865–925) குறிப்புகள் அவர் மறைவிற்குப்பின் 'அல்-ஹாவீ' என்னும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. முன்னோர் கூற்றுகள் அதில் அவரவர் பெயருடன் தரப்பட்டு, ராஸியின் சொந்தக் கருத்து தனியே குறிக்கப்படுகிறது. மூளையழற்சிக்குரிய அறிகுறிகள் தோன்றியோரில் ஒரு பிரிவினர்க்குக் குருதி வடித்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறே விட்டு ஒப்பிட்டதாக அவர் எழுதியுள்ளார். குருதி வடித்தல் பலனளித்தது என்ற அவரது முடிவு இன்று ஏற்கப்படுவதில்லை. ஒப்பிடும் நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் ஒருவர் செய்த ஒரே சோதனை வழுவக்கூடும்.

அவ்வாறெனில் பல சோதனைகளை எங்ஙனம் இணைப்பது? 1904-இல் கார்ல் பியர்சன், பிரிட்டிஷ் படையினர்க்கு இடப்பட்ட டைஃபாய்டு தடுப்பூசி பற்றிய பல புள்ளிவிவரங்களை இணைத்து ஆராய்ந்தார். 1976-இல் ஜீன் கிளாஸ் இத்தகைய இணைப்புக் கணக்கிற்கு 'மெட்டா அனாலிசிஸ்' எனப் பெயரிட்டார். இதில் துல்லியமான ஆய்வுக்குக் கூடுதல் எடையும், துல்லியம் குறைந்ததற்குக் குறைந்த எடையும் வழங்கப்பெறும். இதற்கு முற்பட்ட பணியே முறைசார் மீளாய்வு. வினாவை முன்னரே வரையறுத்து, கிடைக்கும் ஆய்வுகள் அனைத்தையும் தேடி, ஒவ்வொன்றின் தரத்தையும் சோதிப்பது அது. அப்பணி செம்மையாக நடவாவிடில் எத்துணை நுட்பமான கணக்கும் வீணே.

1972-இல் நியூஸிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைமாதப் பேறு நேரவிருக்கும் தாய்மார்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி இட்டால், குழந்தையின் மூச்சுத்திணறலும் மரணமும் குறைவதை அது காட்டியது. மருந்தின் விலையும் சொற்பமே. பின்னர் வேறு ஆய்வுகளும் நிகழ்ந்தன. சில தனித்து நோக்கின் தெளிவற்றிருந்தன. அவை முறையாகத் திரட்டப்பெற்ற மீளாய்வு 1989-இல்தான் வெளிவந்தது. அதுவரை மகப்பேற்று மருத்துவருள் பெரும்பாலோர் இச்சிகிச்சையின் ஆற்றலை உணரவில்லை. பல்லாயிரம் குழந்தைகள் வீணே மாண்டிருக்கக்கூடும் எனக் கணிக்கப்படுகிறது. சான்று இருந்தது, திரட்டுவோர்தாம் இல்லை.

இக்குறையை 1979-இலேயே சுட்டிக்காட்டியவர் ஆர்ச்சி காக்ரேன். ஒவ்வொரு துறையிலும் நிகழ்ந்த ஆய்வுகளை ஆராய்ந்து தொகுத்து, அவ்வப்போது புதுப்பிக்கும் ஏற்பாடு மருத்துவரிடம் இல்லையே என அவர் கடிந்துரைத்தார். அவர் பெயரால் 1993-இல் பன்னாட்டு அமைப்பொன்று தோன்றியது. மேற்கூறிய ஸ்டீராய்டு ஆய்வுகளின் வரைபடமே அதன் சின்னமாயிற்று.

எனினும் திரட்டினால் மட்டும் போதாது. சாதகமற்ற முடிவுகள் வெளியிடப்படாமல் மேசையறைக்குள் முடங்கினால், திரட்டும் ஒருபக்கம் சாயும். கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் மருந்தைப் போற்றிய சில தொகுப்புகள், எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வைப் பெரிதும் சார்ந்திருந்தன. தரவுகள் ஐயத்திற்குள்ளானமையால் 2021 ஜூலையில் அவ்வாய்வறிக்கை விலக்கப்பட்டது; அதனை நீக்கிக் கணக்கிட்டபோது மருந்தின் பயனும் மங்கியது. நினைவாற்றல் குறைந்தோரின் அறிவிப்புகள் ஒன்றையொன்று வலுப்படுத்தலாம். நேர்மை ஐயத்திற்குள்ளானோரின் அறிவிப்புகள் எத்தனை சேர்ந்தாலும் வலுப்பெறா என்ற முஹத்திஸ்களின் விதியை இங்கு நினைவுகூரலாம்.

மருத்துவர்கள் இந்நெறியை ஹதீஸ் கலையிலிருந்து பெற்றனர் என நாம் உரிமை கொண்டாடவில்லை, அதற்குச் சான்றில்லை. சான்றின்றிப் பெருமை பேசுவது முஹத்திஸ்களின் வழியுமன்று. ஒரேயோர் ஆய்வைக் காட்டி 'மருந்து கண்டுபிடிக்கப்பட்டது' என்று எவரேனும் கூறினால், 'மற்ற வழிகள் எங்கே? அறிவித்தவர் யார்?' என்று கேட்பதே நாம் கற்ற கல்விக்கு நாம் செய்யும் மரியாதை. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.