ஹப் மோட்டாரால் பெட்ரோல் காரை ஹைபிரிடாக மாற்றுதல்

பெட்ரோல் காரின் எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு, சும்மா உருளும் சக்கரங்களுக்குள் மின் மோட்டார் (ஹப் மோட்டார்) பொருத்தி, வண்டியை இரண்டு ஆற்றலாலும் ஓடவைக்கும் முறை. மாருதி 800, ஆல்ட்டோ போன்ற முன்சக்கர இயக்கக் கார்களே இதற்குத் தோதானவை. அவற்றின் பின்சக்கரங்களுக்கு வண்டியைத் தள்ளும் வேலை இல்லை. பின்சக்கரங்களால் ஓடும் ஆம்னிக்கு இந்த வசதி கிடையாது. எஞ்சினையும் மோட்டாரையும் பல்சக்கரமோ பெல்ட்டோ இணைப்பதில்லை. இரண்டின் விசைகளும் சாலையில்தான் ஒன்றுசேர்கின்றன.

சக்கரத்துக்குள் மோட்டார் என்பது பழைய எண்ணம். ஃபெர்டினான்ட் போர்ஷே வடிவமைத்த அத்தகைய கார் 1900 பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது; பிறகு பெட்ரோல் எஞ்சினையும் அதில் சேர்த்தார். பழைய காரை மாற்றும் முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் மிடில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெரி குழுவினர் 1994 மாடல் ஹோண்டா அக்கார்டில் செய்தது. மைலேஜ் 50 முதல் 100 சதவீதம் வரை கூடியதாக 2012இல் அறிவித்தார்கள். இந்தியாவில் புனேயின் கேபிஐடி நிறுவனம் பாரத் ஃபோர்ஜுடன் சேர்ந்து 2010இல் 'ரெவோலோ' கிட்டை அறிமுகப்படுத்தியது. அதில் மோட்டார் சக்கரத்தில் இல்லை, எஞ்சின் புல்லியோடு பெல்ட்டால் இணைந்தது. தமிழ்நாட்டில் ஹப் மோட்டார் பலருக்கும் பழக்கமானது ஸ்கூட்டர்களால்தான். ஓசூரின் டி.வி.எஸ். 2020இல் கொண்டுவந்த ஐக்யூபில் உள்ளது 4.4 கிலோவாட் மோட்டார்.

எவ்வளவு ஆற்றல் தேவை என்று பார்க்க, மதுரை மாவட்டத்தில் டி. கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் செல்லும் சமதளச் சாலையை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓட ஏறக்குறைய 2 கிலோவாட் போதும், 80 கி.மீ. வேகத்துக்கு 7 கிலோவாட் வேண்டும். ஆகவே மெதுவான ஓட்டத்தை மோட்டாரிடமும் வேகமான ஓட்டத்தை எஞ்சினிடமும் விடுவதே சரி. 3 யூனிட் பேட்டரி, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நிற்காமல் ஒரே சீராக ஓட்டினால், இழப்புகள் போக சுமார் 40 கி.மீ. தரும். பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பக் கிடைப்பது மதுரை நகர நெரிசலில் பயன்படும். திறந்த சாலையில் அது சொற்பம்.

சிக்கல் சக்கரத்தருகே தொடங்குகிறது. 12 அங்குல ரிம்முக்குள் ஏற்கெனவே பிரேக் டிரம் உட்கார்ந்திருக்கிறது; மோட்டாரும் அங்கேயே இடம் பிடிக்க வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் அச்சக்கரம் நிமிடத்துக்கு 420 முறைதான் சுற்றுகிறது. கியர் இல்லாத மோட்டார் இந்தக் குறைந்த சுற்றில் வண்டியைத் தள்ள அதிக மின்னோட்டம் இழுக்கும், சூடாகும். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடுவதால் குண்டுகுழிகளில் டயரின் பிடிப்பும் தளரும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது பிரேக் பூஸ்டர். அது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்குவது. எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓட்டினால் சில மிதிகளுக்குள் பெடல் கல்லாகிவிடும். தனியாக மின்சார வெற்றிட பம்ப் வைக்காத எந்த மாற்றத்தையும் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. ஆனால் ஹைபிரிட் கிட்டை அனுமதிக்க 2016இல் மத்திய அரசு விதி வகுத்தது. 3,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனங்களுக்கான சோதனை முறையை ஏ.ஐ.எஸ்.-123 தரம் சொல்கிறது. கிட்டுக்கு ஒப்புதல் வாங்குவது தயாரிப்பவரின் பொறுப்பு. பொருத்திய பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யைத் திருத்தி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.