கப்பலேறி வந்த காய்ச்சல்

1957-ஆம் ஆண்டு மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பலொன்றிலிருந்து பயணிகளோடு ஒரு புதிய காய்ச்சலும் கரையிறங்கியது. பன்னிரண்டு வாரங்களுக்குள் அது பாரதம் முழுவதும் பரவிவிட்டது. மே 19 முதல் மறு ஆண்டு பிப்ரவரி 8 வரை பதிவான நோயாளர் 44,51,785 பேர். மாண்டவர் 1,098 பேர். இது பதிவேட்டில் ஏறியவர் கணக்கு மட்டுமே. வீட்டிலேயே கஷாயம் அருந்திப் படுத்துக் கிடந்து எழுந்தவர்களை யார் எண்ணினார்கள்?

இன்புளுயன்ஸா என்னும் இந்நோய் வந்த வழியைப் பின்னோக்கித் தேடினால், சீனத்தின் குய்சோ மாநிலத்தில் போய் நிற்கிறோம். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அங்கு நோய் தலைகாட்டியிருந்தது. ஆனால் மக்கள் சீனம் அப்போது உலக சுகாதார ஸ்தாபனத்தில் இடம்பெறவில்லை. ஆதலால் எச்சரிக்கை வெளியுலகிற்கு எட்டவில்லை. ஏப்ரலில் ஹாங்காங் மருத்துவமனைகளில் கூட்டம் நிரம்பி வழிந்த செய்தியை நாளிதழில் கண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் மாரிஸ் ஹில்லெமன், உடனே நோயாளரின் தொண்டை நீரைத் தருவிக்க ஏற்பாடு செய்தார். சிங்கப்பூரில் டாக்டர் லிம் கோக் ஆன் வைரஸைப் பிரித்தெடுத்து, லண்டனிலிருந்த உலக இன்புளுயன்ஸா நிலையத்திற்கு அனுப்பினார். (இவர் சதுரங்கத்திலும் பெயர் பெற்றவர்.) இந்தியாவில் அப்பணி குன்னூர் பாஸ்டியர் நிலையத்தின் பொறுப்பாயிற்று.

வைரஸ் புதியது என்பதை எவ்வாறு அறிந்தனர்? இன்புளுயன்ஸா வைரஸ், கோழியின் செங்குருதி அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும். அதே வைரஸால் முன்பு நோயுற்றவரின் குருதிநீரைச் சேர்த்தால் அவ்வாறு திரளாது. பழைய இன்புளுயன்ஸா வகைகளுக்குரிய குருதிநீர் எதுவும் இப்புதிய வைரஸைத் தடுக்கவில்லை. மக்களில் பெரும்பாலோரின் குருதியும் அவ்வாறே பயனற்று நின்றது. எழுபது, எண்பது வயதைக் கடந்த முதியோர் சிலரின் குருதி மட்டுமே தடுத்தது! 1889-90-இல் உலகைச் சுற்றிய கொள்ளைநோய் இவ்வைரஸின் உறவாக இருந்திருக்கலாம் என்று இதிலிருந்து ஊகித்தனர். அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் கண்ட பகைவனைக் குருதி மறக்கவில்லை போலும்.

1968-இல் ஹாங்காங்கில் தோன்றிய மற்றொரு வைரஸ் உலகெங்கும் பரவியதும், 1957-ஆம் ஆண்டின் வைரஸ் மக்களிடையே இருந்து மறைந்தது. அதற்குப் பின் பிறந்தவர் எவரும் அதனை எதிர்ப்பட்டதில்லை.