வரியைப் பார்த்த உதவியும் நோக்கத்தைக் கேட்ட உதவியும்: தொடக்கநிலை நிரலாளருக்குத் துணை வளர்ந்த வரலாறு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடியது. அடுத்த மாதமே அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், ஏரி (Airy) என்ற வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு ஒரு நிரல் எழுதினார். மொத்தம் 126 வரிகள். அதில் இருபது பிழைகள் வரை இருந்ததை, எஞ்சியிருந்த காகித நாடாவைப் பிற்காலத்தில் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மார்ட்டின் கேம்பெல்-கெல்லி கண்டறிந்தார். தம் வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரலிலேயே பிழை தேடுவதில் போகப்போகிறது என்பது அந்நாள்களில்தான் உறைத்தது என்று வில்க்ஸ் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அவர் சாதாரண மாணவர் அல்லர். ஆனால் 1949இல் உலகத்தில் நிரல் எழுதிய எல்லோருமே தொடக்கநிலையாளர்கள்தாம்.

தொடக்கநிலையாளருக்குக் கிடைத்த உதவியின் வரலாறு வழக்கமாக வேகத்தின் கதையாகச் சொல்லப்படுகிறது. அன்று விடைக்கு ஒரு நாள் காத்திருந்தோம், இன்று ஒரு நொடி என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் போதாது. உதவியவர் மனிதரோ கருவியோ, எதைப் பார்த்து உதவினார் என்று கேட்டால் வேறொரு வரலாறு தெரிகிறது. எழுதப்பட்ட வரியைப் பார்த்தாரா, எழுதியவர் நினைத்ததைக் கேட்டாரா? இந்த இரண்டாவது கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேம்பிரிட்ஜ் குழு 1950இல் நிரலாக்கத்துக்குக் கோடைக்கால வகுப்பு தொடங்கியது. மறு ஆண்டு வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் எழுதிய பாடநூல் வெளிவந்தது. சரிபார்த்து வைத்த துணைநிரல்களை எடுத்தாளும் முறையை அது கற்பித்தது. ஏற்கெனவே பிழை நீக்கியதைப் பயன்படுத்தினால் புதிய பிழைக்கு இடம் குறையும் அல்லவா? அதே 1951இல் கில், எட்சாக் நிரல்களில் தவறு கண்டறிவது பற்றி ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். நிரலை ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, நடந்ததை அச்சிடும் சோதனை நிரல்களை அதில் விவரித்தார். இயந்திரம் என்ன செய்தது என்பதை அவை காட்டின. எழுதியவர் என்ன செய்ய நினைத்தார் என்பதோடு அதை ஒப்பிடுவது எழுதியவர் பாடு.

அடுத்து வந்தது துளையட்டைகளின் காலம். மாணவர் அட்டைக்கட்டை ஒரு சாளரத்தில் கொடுத்துவிட்டு, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து வந்து அச்சுத்தாளை வாங்குவார். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அந்த நாள் வீண். இதைப் பொறுக்காமல் 1965இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வெஸ்லி கிரஹாமின் ஊக்கத்தில் நான்கு இளங்கலை மாணவர்கள் வாட்ஃபார் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுதினார்கள். சிறு நிரல்களை அது விரைவாக மொழிபெயர்த்தது. பிழையை மாணவருக்குப் புரியும்படி சொல்லவும் முயன்றது. அதற்கு முந்தைய ஆண்டு மே 1 விடியற்காலையில் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழி ஓடத் தொடங்கியிருந்தது. பிழைச் செய்தி தெளிவாகவும் நட்பாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று. காசு வாங்காமல், நூலகத்தில் நுழைவதுபோல மாணவர்கள் கணினியை அணுக வேண்டும் என்றார் கெமெனி.

கார்னெல் பல்கலைக்கழகம் இன்னொரு படி போனது. அங்கு உருவான பிஎல்/சி கம்பைலர், பிழை கண்ட இடத்தில் நிற்காது. தானே ஒரு திருத்தத்தைச் செய்துகொண்டு மேலே ஓடும். அட்டைக்கட்டு ஒருமுறை உள்ளே போனால் ஒரே ஓட்டத்தில் எத்தனை பிழையைக் காட்டமுடியுமோ அத்தனையையும் காட்டிவிட வேண்டும் என்ற சிக்கன புத்திதான் காரணம். ஆனால் திருத்துவதற்கு ஊகிக்க வேண்டும். அடைப்புக்குறி விடுபட்டதை ஊகிக்கலாம். மாணவர் கூட்டலை நினைத்தாரா சராசரியை நினைத்தாரா என்பதை இலக்கணத்திலிருந்து ஊகிக்க முடியாது. வரியைப் பார்க்கும் உதவி எந்த எல்லைவரை செல்லும் என்பதை முதலில் தொட்டுக்காட்டிய கருவியாக இதை நான் கருதுகிறேன்.

இந்தியாவில் கதை சற்று வேறு. 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 கணினி வந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே ஃபோர்ட்ரான் கற்பித்தார். வெளி நிறுவனங்களிலிருந்து வந்தவர்களுக்கும் குறுகிய காலத் தீவிர வகுப்புகள் நடந்தன. அந்தக் கற்பித்தலிலிருந்து விளைந்த அவரது நிரலாக்கப் பாடநூல் 1969இல் மலிவு விலையில் வந்து நாடு முழுவதும் பரவியது. சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370 வந்தது 1973இல்தான். கணினி அரிதாக இருந்த இடத்தில் புத்தகமும், தாளில் கையால் ஓட்டிப்பார்க்கும் பழக்கமுமே முதல் துணை. தாளைச் சார்ந்த இந்த வழிக்கு ஒரு குறையும் உண்டு. நம் கல்லூரி ஆய்வகங்களில் அவுட்புட் வந்த நிரலைத்தான் ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படியெடுக்கிறோம். பிழையோடு இருந்த வடிவம் எங்கும் பதிவாவதில்லை.

மனித உதவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் கூர்ந்து பார்த்தவர்களில் ஜெரால்ட் வெயின்பெர்க் முக்கியமானவர். 1971இல் வந்த அவரது நிரலாக்க உளவியல் நூலில் ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கதை வருகிறது. பொது அறையில் காசு போட்டுத் தின்பண்டம் எடுக்கும் இயந்திரங்கள் இருந்தன. அங்கே கூடும் மாணவர்களின் சத்தம் பற்றிப் புகார் வர, நிர்வாகம் இயந்திரங்களை அகற்றிவிட்டது. விரைவிலேயே ஆலோசனை மேசை முன் வரிசை நீண்டது. காரணம் எளிது: மாணவர்கள் அச்சுத்தாளோடு அங்கே நின்று ஒருவர் பிழையை ஒருவர் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ‘இது என்ன செய்யணும்?’ என்பதுதான். எந்தக் கம்பைலரும் அதைக் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை ஆய்வுப் பொருளாக்கியது யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சொலோவேயின் குழு. 1980களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். எண்களை ஒவ்வொன்றாக வாங்கு, 99999 வந்தால் நிறுத்து, அதைச் சேர்க்காமல் மற்றவற்றின் சராசரியைச் சொல். முதல் பாடத்தில் இருந்த மாணவர்களில் பெரும்பாலோரால் இதைச் சரியாக எழுத முடியவில்லை. பாஸ்கல் மொழியின் வைல் லூப் நிபந்தனையைத் தலைவாசலிலேயே சோதிக்கும். எனவே முதல் எண்ணை லூப்புக்கு வெளியே ஒருமுறை வாங்கி, அடுத்ததை லூப்பின் கடைசியில் வாங்க வேண்டும். மனிதருக்கு இயல்பாகத் தோன்றும் வழி அதுவன்று. ஓர் எண்ணை வாங்கு, முடிவுக் குறியா என்று பார், இல்லையென்றால் கூட்டு என்றுதான் மனம் ஓடும். லூப்பின் நடுவிலிருந்து வெளியேற அனுமதிக்கும் மாற்று வடிவத்தைக் கொடுத்தபோது மாணவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். அதாவது குறை மாணவர்களின் அறிவில் இல்லை. அவர்கள் திட்டத்துக்கும் மொழி விதித்த வடிவத்துக்கும் நடுவே இருந்தது.

பின்னர் மழையளவுக் கணக்கு என்று பெயர்பெற்ற இது, நாற்பதாண்டுகளாக ஆய்வாளர்களின் உரைகல்லாக இருந்துவருகிறது. 1986இல் ஸ்போரரும் சொலோவேயும் மாணவர் பிழைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை மொழியின் கட்டளைகளைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தவை அல்ல என்று கண்டார்கள். அதே ஆண்டு ராய் பீ, தொடக்கநிலையாளரின் பல தவறுகளுக்கு அடியில் ஒரு மூலப்பிழை இருப்பதாக எழுதினார். கணினிக்குள் மனம் ஒன்று ஒளிந்திருக்கிறது, நான் சொல்லாததையும் அது புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கையே அது.

இந்தக் கண்டுபிடிப்புகளோடு சேர்ந்து இரு கருவிகள் பிறந்தன. யேலின் ப்ரௌஸ்ட், மாணவர் நிரலைப் படித்து அதன் பின்னால் இருந்த நோக்கத்தை ஊகிக்க முயன்றது. ஆனால் கணக்கின் விவரத்தையும் அதைத் தீர்க்கும் வழிகளையும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தச் சில கணக்குகளுக்கு வெளியே அதற்குக் கண் தெரியாது. கார்னெகி மெலனில் ஜான் ஆண்டர்சன் குழு உருவாக்கிய லிஸ்ப் டியூட்டர், மாணவர் தவறான அடி எடுத்து வைத்ததுமே குறுக்கிட்டது. இது சீமர் பேப்பர்ட்டுக்கு நேர் எதிரான வழி. லோகோ மொழியைத் தந்தவர்களில் ஒருவரான அவர், பிழையைத் துரத்திப் பிடிப்பதே கற்றல் என்று 1980இல் வந்த நூலில் வாதிட்டிருந்தார். விரைந்து முடிக்க டியூட்டர் நல்லதுதான். ஆனால் தவறான வழி எங்கே போய் முடிகிறது என்பதை மாணவர் பார்க்கவே மாட்டார் என்பதால் என் சாய்வு பேப்பர்ட் பக்கம்.

இத்தனைக்குப் பிறகும் 2001இல் நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 மாணவர்களை மக்ராக்கன் குழு சோதித்தபோது சராசரி மதிப்பெண் 110க்கு 22.89. ஆய்வுகள் கண்டறிந்தவை வகுப்பறைக் கருவிகளுக்குள் அதிகம் வரவில்லை. பைத்தானையே பாருங்கள். 2021 அக்டோபரில் 3.10 பதிப்பு வரும்வரை, அடைப்புக்குறியை மூட மறந்தால் அது பெரும்பாலும் குற்றமற்ற அடுத்த வரியைச் சுட்டி, தொடரியல் பிழை என்று மட்டும் சொல்லும். எந்தக் குறி மூடப்படவில்லை என்று சொல்ல முப்பது ஆண்டுகள் ஆயின.

2022இல் ஆக்லாந்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு, கோடெக்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை முதலாண்டுத் தேர்வில் உட்கார வைத்தது. 71 மாணவர்களோடு ஒப்பிட்டால் அதற்கு 17ஆம் இடம். சொலோவேயின் மழையளவுக் கணக்கின் பல வடிவங்களையும் அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ப்ரௌஸ்ட்டுக்குச் சில கணக்குகளே தெரியும். இதற்கு எந்தக் கணக்கையும் சாதாரண மொழியில் சொல்லலாம். நோக்கத்தைச் சொன்னால் வரி வந்துவிடுகிறது. கணினிக்குள் மனம் இருப்பதாக நம்புவது பிழை என்று பீ எழுதியதை, இப்போது மாணவருக்கு விளக்குவது எளிதல்ல.

ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிகிறது. ரப்பர் வாத்திடம் நிரலை வரிவரியாக விளக்கினால் பிழை தானே தெரியும் என்ற உத்தியை ஹன்ட்டும் தாமஸும் 1999இல் தம் நூலில் பரப்பியிருந்தார்கள். சிஎஸ்50 அதைத் திரையில் கொண்டுவந்தபோது வாத்து முதலில் குவாக் என்று மட்டுமே பதில் சொன்னது. 2023இல் அதற்குள் மொழி மாதிரி நுழைந்தது. இப்போது ஆசிரியர்களின் வேலை அதைப் பேசவைப்பதல்ல, அளவோடு பேசவைப்பது. விடையை நேராகக் கொடுக்காதே, வழிகாட்டு என்ற கட்டளை அதற்கு முன்கூட்டியே இடப்படுகிறது. மாணவருக்குக் கேள்வி கேட்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இதயக் குறிகள் உண்டு. தீர்ந்தால் மீண்டும் நிரம்பும்வரை பொறுக்க வேண்டும். துளையட்டைக் காலத்தில் எல்லோரும் ஒழிக்கப் பாடுபட்ட காத்திருப்பை, இம்முறை ஆசிரியர்களே கணக்குப்போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள்.